முட்டுச்சந்தின் கடைசி வீடு

நகரமைப்பு அலுவலகத்தில் இருபது வருடமாகக் குப்பை கொட்டிய அதிகாரிக்கு ஒரே ஒரு கொள்கை: தெரு என்றால் முட்டுச்சந்தாக இருக்க வேண்டும். அப்போதுதான் கண்டவன் வண்டி உள்ளே நுழையாதாம். ஊர் வீங்க வீங்க, ஒன்றோடொன்று ஒட்டாத தெருக்களுக்கு ஒப்புதல் கொடுத்துத் தள்ளினார். அப்படி ஒரு தெருவின் கடைசி மனையைத் தானே வாங்கி வீடு கட்டினார். தெருவை அடைத்து நின்ற மதிலை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, அதில் காரையும் நிறுத்திக்கொண்டார். தட்டிக்கேட்க ஆளில்லை. கேட்க வேண்டிய அதிகாரியே அவர்தானே.

மதிலுக்கு அந்தப் பக்கம் வேறொரு தெரு. அதில் முதல் கட்டடம் பள்ளிக்கூடம். அங்கே மணி அடித்தால் இவர் வீட்டு அடுப்படியில் தட்டு அதிரும். ஒரு கிலோமீட்டருக்குள் நடந்து வரக்கூடிய பிள்ளைகளுக்குத்தான் இடம் என்பது பள்ளியின் விதி. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

தலைமையாசிரியை நகரமைப்பு அலுவலக வரைபடத்தை விரித்து, தெருத்தெருவாக விரலை ஓட்டினார்.

"நாலரை கிலோமீட்டர் வருது சார்."

"மேடம், உங்க மணிச் சத்தத்துலதான் எங்க வீடே எந்திரிக்குது."

"சத்தம் வந்துரும். பிள்ளை எப்படி வரும்? எந்தப் புண்ணியவான் இந்தத் தெருவ இப்படி அடைச்சு வச்சான்?" என்றபடி வரைபடத்தின் அடியில் ஒப்புதல் கையெழுத்தோடு இருந்த பெயரைப் படித்தார். கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "கையெழுத்து அழகா இருக்கு சார்."

அவருக்கு மானம் போய்விட்டது.

"வழி விட்டா சேத்துக்குவாங்களா?" என்றாள் மனைவி, அவர் வீடு திரும்பி விஷயத்தைச் சொன்னதும்.

"சேத்துக்குவாங்க. ஆனா கார் கொட்டகைய எடுக்கணும்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. காருக்கு ஒண்ணாங் கிளாஸ்ல இடம் இருக்கான்னு விசாரிச்சுட்டு வாங்க."

மூன்று நாள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மகளோ நாற்காலி மேல் ஏறி, மதிலுக்கு அப்பால் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுதான் அவரைக் கொன்றது. நான்காம் நாள் சிவப்புப் பேனாவை எடுத்து வரைபடத்தில் தன் கொட்டகையின் நடுவே கோடு இழுத்தார். தனக்கே நோட்டீஸ் எழுதி, தானே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டார்.

மதில் விழுந்தது. மகளுக்கு இடம் கிடைத்தது. கண்டவன் வண்டியெல்லாம் ஹாரன் அடித்தபடி வாசல் வழியே போயிற்று.

இரண்டாம் வாரம், மகளுக்கு வயிற்றுவலி, வரமாட்டாள் என்று பள்ளிக்குப் போன் செய்தார். உண்மையில் குடும்பமே மச்சான் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், தலைமையாசிரியை குடையோடு நிற்கிறார்.

"நாலு நிமிஷ நடைதான் சார். வயித்துவலி எப்படி இருக்கு?"