சேஃப்டிக்கு ஒண்ணு

மொட்டு என்றால்தான் அவளை இன்றைக்கும் ஆட்களுக்குத் தெரியும். சின்ன வயதில் டிவி தொடரில் அவள் போட்ட வேஷத்தின் பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரை யார் சீண்டினார்கள்? திரையில் அவள் அழுதால் வீட்டுக்கு வீடு அழுதார்கள். அந்த அழுகை எப்படி வந்தது என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

டைரக்டர்தான் வரவழைத்தார். கேமரா ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பா, உங்கம்மா வண்டியில அடிபட்டு செத்துப்போயிட்டாங்க" என்பார். குழந்தை ஏங்கி ஏங்கி அழும். கட் சொன்னதும், "சும்மா சொன்னேன்டா செல்லம்" என்று கையில் சாக்லேட். அதோடு விட்டாரா அந்த மகராசன்? "சேஃப்டிக்கு ஒண்ணு எடுத்துக்கலாம்" என்று அம்மாவை இன்னொரு தடவை சாகடிப்பார்.

பிறகு ஒருநாள் அம்மா நிஜமாகவே செத்துப்போனாள். அப்பா வந்து சொன்னபோது மொட்டு சிரித்தாள், கேமராவைத் தேடினாள். வீட்டுக்குத் தூக்கிப்போய் அம்மா பக்கத்தில் உட்கார வைத்தார்கள். "நான் அழமாட்டேன், எழுந்திரு" என்று அம்மாவின் தோளைக் கிள்ளினாள். கல்நெஞ்சுக்காரி என்று அத்தை முணுமுணுத்தாள். யாராவது கட் சொல்வார்கள் என்று மொட்டு காத்திருந்தாள். அம்மாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வளர்ந்த மொட்டு யாருக்கு வேண்டும்? வாய்ப்பு நின்றது. டப்பிங் கற்றுக்கொண்டு, இப்போது ஒரு ஸ்டூடியோவில் குரல் பதிவுக்கு அவள்தான் பொறுப்பு. டைரக்டருக்கும் மார்க்கெட் போய், சீரியலில் அப்பா வேஷம் கட்டுகிறார். மகன் செத்த காட்சிக்கு அழுகைக் குரல் கொடுக்க அவளிடம் வந்தவர், சவுண்ட் இன்ஜினியரிடம் பெருமையடித்தார்: "இவளுக்கு அழச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்து வைத்தாள்.

பதிவு அறைக்குள் ஃபோன் கூடாது. அவருடையதை வாங்கித் தன் மேஜையில் வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் அழுதார். கேட்கச் சகிக்கவில்லை. திரும்ப அழுதார். அதுவும் தேறவில்லை.

பதிவு ஓடும் சிவப்பு விளக்கு எரியும்போதே மைக்கை அழுத்திச் சொன்னாள்: "சார், உங்களுக்கு ஃபோன் வந்துச்சு. உங்க பையன் வண்டியில அடிபட்டு போயிட்டாராம்."

மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐயோ என் ராசா என்று அடிவயிற்றிலிருந்து வந்தது குரல். இன்ஜினியர் பதறிப்போய் எழுந்தான். அவள் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள், பதிவை நிறுத்தவில்லை. அத்தனை வருஷத்து எரிச்சலுக்கு இப்போதுதான் அவள் வயிறு குளிர்ந்தது.

"ஓகே. பிரமாதம். சும்மா சொன்னேன் சார்."

அவர் கண்ணாடியைப் பிடித்து எழுந்தார். "சும்மாதானா? நிஜமாவே சும்மாதானா? மொட்டு, அந்த ஃபோனைக் குடும்மா."

அவள் ஃபோனை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினாள்.

"தரேன் சார். சேஃப்டிக்கு ஒண்ணு எடுத்துக்கலாம்."