அந்தரத்தில் பாண்டிமீனா

அருஞ்சுனை மகளிர் கல்லூரியின் கூடைப்பந்து அணியில் சேர வருகிற பெண், ரசிகர்கள் முன்னால் பந்தோடு ஒருமுறை எழும்ப வேண்டும். ரசிகர்கள் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்த பிறகு அவள் தரையிறங்குவாள். அதுவரை அந்தரத்தில் இருப்பாள்.

பெரும்பாலும் இதில் சிக்கல் வராது. அருஞ்சுனை ரசிகர்கள் கைதேர்ந்தவர்கள். பெண்ணின் குதிகால் தரையை விடும்போதே "வேணும்" என்றோ "வேணாம்" என்றோ சொல்லிவிடுவார்கள். வெளியூர்க்காரர் பார்த்தால் சும்மா குதித்து இறங்கியதாகத்தான் நினைப்பார். எப்போதாவது இழுத்துக்கொள்ளும். அப்படி இழுத்ததில் ஒரு பெண் மேலே இருந்தபடியே பிளஸ் டூ வேதியியல் பரீட்சை எழுதினாள். கண்காணிப்பாளருக்குக் கல்லூரியே ஏணி கொடுத்தது. நல்ல மார்க் எடுத்தாள் என்று கேள்வி.

பவளக்கொடி அந்த அணியின் நெடுநாள் ரசிகை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். சம்பந்தி வீட்டார் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்போது, இரண்டு பக்கமும் போய் நாலு வார்த்தை பேசி, ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுவாள். அதனால் கேலரியில் கருத்து இரண்டுபட்டால் அதை ஒன்றாக்கும் வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பாண்டிமீனா தேர்வுக்கு வந்தாள். உசிலம்பட்டிப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். நல்ல உயரம், ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு. விளையாட்டு ஆசிரியர் ஸ்டீபன்ராஜ் விசில் ஊதியதும் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடிவந்து, வளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் எழும்பினாள். பவளக்கொடி உடனே "வேணும்" என்றாள். அவ்வளவு சுத்தமாக ஒரு பெண் தரையை விட்டு எழும்பி அவள் பார்த்ததில்லை.

ஆனால் கேலரி பிரிந்துபோனது. முழங்கை வெளியே போகிறது என்றார்கள் சிலர். போகட்டுமே, மணிக்கட்டைப் பாருங்கள் என்றார்கள் சிலர். ஓய்வுபெற்ற புவியியல் பேராசிரியர் ஜாபர் சாருக்கு வேறொரு சந்தேகம்.

"பொண்ணு வளையத்தைப் பாக்குதா, பந்தைப் பாக்குதா? அது தெரியாம நான் எப்படிச் சொல்றது?"

எல்லோரும் ஆடுகளத்தில் இறங்கிப் போய் அண்ணாந்து பார்த்தார்கள். கீழிருந்து தாடைதான் தெரிந்தது. ஜாபர் சார் ஏணி போட்டு ஏறி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாண்டிமீனாவின் கண்ணைப் பக்கத்தில் பார்த்தார். அவள் மரியாதைக்காக அவரை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வளையத்தைப் பார்த்தாள். "வளையத்தைத்தான் பாக்குது," என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கினார். அதற்கே வெள்ளிக்கிழமை போய்விட்டது.

விடுதிச் சாப்பாட்டைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார்கள். ஒரு கையில் பந்தை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அவள் சாப்பிட்டாள். காக்கை வந்தால் பந்தைக் காட்டித் துரத்தினாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பவளக்கொடி வரிசை வரிசையாகப் போய் எல்லோரிடமும் பேசிவிட்டாள். முழங்கைக்காரர்களிடம், "நம்ம மாஸ்டர் எத்தனை முழங்கையத் திருத்தியிருக்காரு, இதத் திருத்த மாட்டாரா?" என்று கேட்டாள். அவர்கள் யோசித்து, சரி என்றார்கள். கடலை விற்கிறவரிடமும் கேட்டாள், ஏனென்றால் அவரும் கணக்கில் உண்டு. அருஞ்சுனையில் ரசிகர் என்பதற்குச் சீட்டோ சந்தாவோ கிடையாது. பந்து மேலே இருக்கும்போது யாருக்கெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்கிறதோ அவரெல்லாம் ரசிகர். கடலைக்காரர் வேணும் என்றார். வாட்ச்மேனும் வேணும் என்றார்.

எல்லோரும் வேணும் என்று சொல்லியாயிற்று. பாண்டிமீனா இறங்கவில்லை.

பவளக்கொடி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். காரணம் இருந்தது. ஓர் ஊரால் முடிவெடுக்க முடியாத பெண்ணை இன்னோர் ஊர் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஊர் ரசிகர்கள் நேரில் வந்து பார்த்து, ஒருமனதாக வேணும் என்று சொன்னால், அந்தப் பெண் அவர்களுடைய ஆடுகளத்தில் போய் இறங்கிவிடுவாள். தலைமுடி மட்டும் கொஞ்சம் கலைந்திருக்கும். போன வருடம் ஒரு நல்ல ஆட்டக்காரியை அருஞ்சுனை அப்படித்தான் கீழப்பேட்டைக் கல்லூரிக்குப் பறிகொடுத்தது. அவள் எதிரணியில் நின்று பந்து போட்டபோதெல்லாம் பவளக்கொடிக்குச் சொந்த மகளைப் பிடிக்காத இடத்தில் கட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முகூர்த்தம். மேளம் கொட்டி, தாலி ஏறி, முதல் பந்தியில் இலை போட்டதும் பவளக்கொடி பொறுப்பைச் சமையல்காரரிடம் விட்டுவிட்டு, கட்டிய பட்டுப்புடவையோடு ஆட்டோ பிடித்து மைதானத்துக்கு வந்தாள். வாசலிலேயே ஸ்டீபன்ராஜ் எதிரே வந்தார்.

"அக்கா, கீழப்பேட்டை வேன் வந்துருச்சு."

சுற்றுச்சுவருக்குப் பக்கத்தில் வேன் நின்றது. கீழப்பேட்டை ரசிகர்கள் வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து, பாண்டிமீனாவை அண்ணாந்து பார்த்தபடி புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. சாப்பிடும்போது கருத்துச் சொல்வது அவர்கள் ஊரில் வழக்கமில்லை. கை கழுவியதும் சொல்வார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே என்ன சொல்வார்கள் என்று தெரிந்தது.

"ஏணி எங்க?" என்றாள் பவளக்கொடி.

"பட்டுச்சேலையோடவாக்கா?"

"சேலை என்ன செய்யும், நீங்க பிடிங்க."

கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். மேலே காற்று நன்றாக இருந்தது. பாண்டிமீனாவின் உதடு வறண்டிருந்தது. பந்தைப் பிடித்திருந்த கை லேசாக நடுங்கியது.

"கண்ணு, கீழ எல்லாரும் ஆமான்னு சொல்லியாச்சு. அப்புறமும் இறங்காம இருக்கியே, யாரோ ஒருத்தர் பாக்கி. உனக்கு இங்கேருந்து எல்லாரும் தெரியும்ல. யாரா இருக்கும்?"

"கடைசி வரிசையில தூணு ஓரமா ஒருத்தவங்க இருக்காங்க, பெரியம்மா. தலையில முக்காடு. அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லல."

பவளக்கொடி திரும்பிப் பார்த்தாள். மடியில் ஒரு வயர் கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்தே அவள் அங்கே இருந்ததாகப் பவளக்கொடிக்கு ஞாபகம் வந்தது. அவளிடமும் போனாள்தான். "நான் சும்மா வேடிக்கை பாக்க வந்தேன்" என்றதும் நம்பி விட்டுவிட்டாள்.

"யாரு அது, தெரியுமா?"

"எங்கம்மா."

"அதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"அவங்க யோசிக்கட்டும்னு விட்டேன்," என்றாள் பாண்டிமீனா. "அவங்க எதையுமே உக்காந்து யோசிச்சு நான் பாத்ததில்ல."

பவளக்கொடி இறங்கி, கேலரிப் படிகளில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஏறி, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பெயர் ஒச்சம்மா. செங்கல் சூளையில் வேலை. முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஏன் தங்கச்சி, வேடிக்கை பாக்க வந்தேன்னு பொய்தான சொன்னே?"

"எனக்குப் பந்தப் பத்தி என்னக்கா தெரியும்?"

"பந்து மேல இருக்கப்ப நெஞ்சு அடிச்சுக்குதா இல்லியா?"

ஒச்சம்மா நெஞ்சில் கையை வைத்து, அது அடித்துக்கொள்கிறதா என்று பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வெள்ளிக்கிழமையிலேருந்து நிக்கலக்கா."

மரத்தடியில் கீழப்பேட்டைக்காரர்கள் ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

"அப்ப சொல்லிர வேண்டியதுதான? வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம். நீ வேணாம்னா எல்லாரையும் வேணாம்னு சொல்ல வைக்கிறேன், நான் வருத்தப்பட மாட்டேன்," என்றாள் பவளக்கொடி. அது பொய். நன்றாகவே வருத்தப்படுவாள்.

"வேணாம்னா எறங்கி எங்கூட வந்துருவா. சூளைக்குத்தான் வருவா. வேணும்னா ஆஸ்டலுக்குப் போயிருவா, பெறகு பொங்கலுக்குத்தான் பாக்கணும். ரெண்டையும் நெனச்சுப் பாக்குறேன், ரெண்டும் வாயில வரமாட்டேங்குது." ஒச்சம்மா அண்ணாந்து பார்த்தாள். "அதுவும் போக, இங்கனக்குள்ள உக்காந்தா அவ மொகம் நல்லாத் தெரியுதுக்கா. விடியக்கருக்கல்ல நான் வேலைக்குப் போயிருவேன். வந்தா அவ தூங்கிருவா. நான் பெத்த புள்ளய இவ்வளவு நேரம் நிமுந்து பாத்ததே இப்பத்தான். மூக்கு எங்கப்பா மூக்குன்னு நேத்துத்தான் தெரிஞ்சுச்சு."

பவளக்கொடியும் அண்ணாந்து பாண்டிமீனாவைப் பார்த்தாள். நல்ல மூக்குதான். இரண்டு பேரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவசரப்படுத்த வேண்டும் என்று பவளக்கொடிக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் மனசு வரவில்லை.

மரத்தடியில் ஒருவர் எழுந்து குழாயடிக்குப் போனார். பின்னாலேயே மற்றவர்களும் எழுந்தார்கள்.

"பந்த ஏன்க்கா கையிலயே வச்சிருக்கா?" என்று கேட்டாள் ஒச்சம்மா. "கை கடுக்காதா?"

"கடுக்காம என்ன? கிட்டப் போய்ப் பாத்தேன், கை நடுங்குது."

"கீழ வைக்க வேண்டியதுதான?"

"வைக்கவா எழும்புனா? போடத்தான எழும்புனா."

ஒச்சம்மா இதை யோசித்தாள். முக்காடு நழுவித் தோளில் விழுந்தது, அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. குழாயடியில் தண்ணீர் சத்தம் நின்றது. கீழப்பேட்டையின் மூத்த ரசிகர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

ஒச்சம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். சூளையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஆள் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

"போடு தாயி!"

அது வேணும் என்பதாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

பாண்டிமீனாவின் மணிக்கட்டு மடங்கியது. பந்து போய் வளையத்தின் விளிம்பைக்கூடத் தொடாமல் வலைக்குள் விழுந்தது. பின்னாலேயே அவளும் இறங்கினாள். முதலில் வலது பாதம், பிறகு இடது. மைதானமே மூச்சு விட்டது. ஸ்டீபன்ராஜ் விசிலை ஊத மறந்து, அதை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். ஜாபர் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

பவளக்கொடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முன்வரிசைக்கு இறங்கி வந்து உட்கார்ந்தாள். பசி எடுத்தது. முகூர்த்தச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது. கீழப்பேட்டை மூத்த ரசிகர் வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, தூக்குவாளியோடு படியேறி வந்தார்.

"நல்லா எறங்குச்சும்மா புள்ள," என்றார். "எங்களுக்கும் ஒரே படபடப்பா இருந்துச்சு. புளியோதரை மிச்சம் இருக்கு, சாப்புடுறீங்களா?"

பவளக்கொடி கையை நீட்டி வாங்கிச் சாப்பிட்டாள். அருமையாக இருந்தது.

கீழே ஒச்சம்மா மகளை உட்காரவைத்து, மரத்துப்போன பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து அவள் தலையையும் வாரிவிட்டாள். பொங்கலுக்கு முன்னாலேயே ஒரு ஆட்டம் இருக்கிறது, பஸ் இருக்கிறது, வந்துவிட்டுப் போகலாம் என்று ஸ்டீபன்ராஜ் சொன்னார். "லீவு போட்டுட்டு வாரேன் சார்," என்றாள் ஒச்சம்மா. பாண்டிமீனா அம்மாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஸ்டீபன்ராஜ் கொடுத்த அணி பனியனைப் போட்டுக்கொண்டு விடுதியைப் பார்க்கப் போனாள். நடக்கும்போது கொஞ்சம் தள்ளாடினாள். பிறகு நேராக நடந்தாள்.

ஒச்சம்மா கேலரிக்குத் திரும்பி வந்தாள். இந்த முறை முன்வரிசையில், பவளக்கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஸ்டீபன்ராஜ் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். கூடலூர் மழை. பெண்ணின் பெயரல்ல, கூடலூரில் பெய்கிற மழையேதான்.

மழை தன் அப்பாவோடு வாசலில் நின்றிருந்தது. அப்பா வெளுத்த வேட்டி கட்டி, சான்றிதழ்களைப் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார். "போ, பயப்படாம ஆடு," என்று அவர் சொன்னதும், மழை ஆடுகளத்துக்குள் வந்து பந்தை வாங்கித் தரையில் தட்டிப் பார்த்தது.

"இடது கை," என்றாள் ஒச்சம்மா.

ஜாபர் சார் முன்னால் குனிந்தார். "ராமநாதபுரத்துக்காரங்க ரொம்பக் கேட்டுப் பாத்தாங்களாம். வயசு பத்தலன்னு அப்பா அனுப்பலையாம்."

பவளக்கொடி புடவையை ஒதுக்கிக்கொண்டு, மழையின் அப்பா வந்து உட்கார இடம் விட்டாள்.