சக்கரத்துக்கு வைத்த பொட்டு

பெரியநாயக்கன்பாளையத்தில் சென்னியப்பனின் பட்டறைக்கு மத்தியானத் தூக்கம் கொஞ்சம் அதிகம். மேற்குச் சன்னல் வெயிலில் மரத்தூள் மிதந்துகொண்டே இருக்கும். கீழே இறங்க அதற்கு மனசே வராது. பவுண்டரிகளுக்கு மர அச்சு செய்து கொடுக்கிற இடம். பம்பு இரும்பில் வார்க்கப்படும் முன்னால் அதைத் தேக்கில் அறுத்து எடுப்பவர் அவர்தான்.

கொஞ்ச நாளாக அவர் அறுக்கிற வளைவு எதுவும் கோட்டில் நிற்கவில்லை. கை போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார். அந்த மனுசன் முடிவு கட்டினால் கட்டினதுதான். மரம் அறுக்கிற பேண்ட்சா மெஷினை வாங்கிக்கொள்ளப் பெருந்துறையிலிருந்து ஆள் வரச் சொல்லியாகிவிட்டது. விற்கிற பொருளைத் தேய்ந்த ரப்பரோடு கொடுத்தால் மரியாதை என்னாவது? வளையமான பிளேடு ஓடுகிற இரண்டு சக்கரத்துக்கும் புது ரப்பர் டயர் போட உட்கார்ந்தார்.

பிளேடைக் கழற்றிவிட்டு, மேல் சக்கரத்தின் பழைய ரப்பரை நெம்பி உரித்தார். இரும்பு விளிம்பில் காய்ந்து இறுகிப்போன ஒரு திட்டு. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். சந்தனம்!

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன தடவை டயர் மாற்றினது ஆயுத பூஜை அன்றைக்கு. நல்ல நேரம் தப்பிவிடும் என்று வெறும் சக்கரத்துக்கே தாராளமாகப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, அதன் மேலேயே ரப்பரை ஏற்றிவிட்டார். ரப்பர் தேயத் தேய அந்த இடம் மேடு தட்டி, சுற்றுக்கொரு தரம் பிளேடை உதறியிருக்கிறது.

"ஏனம்மணி, இங்க வா! எங் கையில கோளாறு ஒண்ணுமில்ல. பொட்டு பண்ணுன வேலையாக்கும்!"

அவர் சம்சாரம் பூவாத்தாள், வெந்நீர் அண்டாவில் ஊறின டயர்களோடு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அறுத்த அச்சுகளுக்கெல்லாம் உப்புத்தாள் தேய்க்கிறவள். "மொதல்ல அதைச் சுத்தமாச் சொரண்டுங்க," என்றாள்.

சுரண்டினார். அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, சூட்டில் இளகின ரப்பரை இவர் இழுத்து ஏற்றினார். ரப்பருக்கு அடியில் ஒரு உருண்டைக் குச்சியை விட்டுச் சுற்றிலும் ஓட்ட, இழுவை எல்லா இடத்திலும் ஒன்றுபோலானது. இரண்டாவதும் ஏறியதும் பூவாத்தாள் சக்கரத்தை விரலால் தள்ளிவிட்டாள். சத்தமே இல்லாமல் அது சுற்றிக்கொண்டே இருந்தது. இருவரும் வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிளேடை மாட்டி, சுவிட்சைப் போட்டு, பென்சில் கோடிட்ட பலகையை அவர் தள்ளினார். பாதி வளைவில் கோடு இடப்பக்கம் நழுவியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பலகை. அதுவும் நழுவியது. பிளேடு உதறவில்லை, மணிக்கட்டுதான் நடுங்கியது. பலகையை ஓரமாக வைத்துவிட்டார்.

"நகருங்க கொஞ்சம்," என்றாள் பூவாத்தாள். அந்த மெஷினுக்கு முன்னால் அவள் ஒருநாளும் நின்றதில்லை.

"கை பத்திரம், அம்மணி."

இத்தனை வருசம் தடவித் தடவியே வளைவுகளைப் படித்த கை அவசரப்படவில்லை. தூள் பொலபொலவென்று உதிர, பலகை மெல்லத் திரும்பியது. பென்சில் கோடு கடைசிவரை பிளேடின் பக்கத்திலேயே வந்தது. சென்னியப்பனுக்கு மனசு வலித்தது, பார்க்கப் பார்க்க ஆசையாகவும் இருந்தது.

செல்போன் அடித்தது. பெருந்துறைக்காரர். "அவினாசி தாண்டீட்டனுங்க."

"கோவிச்சுக்காதீங்க," என்றார் சென்னியப்பன். "மெஷினு குடுக்கறதில்லீங்க. அறுக்கறதுக்கு ஊட்டுலயே ஆளிருக்குது."