ஸ்டைனாரின் கரிவிரல்

மோல்டே என்ற துறைமுக ஊரில் கடல்மேலிருந்து பனிமூட்டம் ஏறி வந்துவிட்டால் பகல் பதினொரு மணியானாலும் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது. எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியாது. படங்களுக்குச் சட்டம் போடும் ஹால்வாருக்கு அந்த நாட்கள் என்றால் உயிர். வெளியே ஒன்றும் தெரியாதபோதுதான் மரத்தின் நிறம் சரியாகத் தெரியும் என்பான். என்ன நியாயமோ!

அன்றைக்கு அவன் மேசைக்கு எதிரே ஒட்னி உட்கார்ந்திருந்தாள். போன வாரமே ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவள், இன்று மரமும் அட்டையும் தேர்ந்தெடுக்க வந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் இன்னும் வந்தபாடில்லை. படம் வண்ணச் சாக்பீஸால் வரைந்தது: நீலக்கடல், ஒரு படகு, கரையில் அவள் வீடு. எந்தக் கோடையிலோ வந்து தங்கிய ஓவியர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது.

ஹால்வார் மரத்தின் மூலைத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் படத்தின் ஓரத்தில் வைத்துக் காட்டினான். ஒட்னி கண்ணால் பார்க்கவில்லை. எடுத்து முகர்ந்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது என்ன மரம்?"

"ஓக்."

"ஐயோ, வேண்டாம்ப்பா. பெரிய மனுஷன் மாதிரி செவுத்துல முறைச்சுக்கிட்டு நிக்கும்."

அடுத்து, சோப்புநீரில் தேய்த்து வெளுத்த சாம்பல்நிற ஆஷ் மரம். அதை வைத்ததுமே படத்துக் கடல் தூரமாய்ப் போனது. ஜன்னலுக்கு வெளியே இருந்த பனி அந்தப் படகைச் சுற்றியும் இறங்கியது போலிருந்தது. ஒட்னி அந்தத் துண்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள். கெட்டிலில் காபித் தண்ணீர் கொதித்து அடங்கியதுகூட ஹால்வாருக்குக் கேட்கவில்லை.

"இதுதான்" என்றாள் ஒட்னி.

"சரி. படத்தச் சுத்தி வெள்ளை மவுண்ட் அட்டை வச்சா எடுப்பா இருக்கும். கண்ணாடியும் படத்துல ஒட்டாது, தூள் உதிராது."

"அட்ட வச்சா ஓரம் மறையுமா?"

"சுத்தி ஒரு விரக்கடை மறையும். எல்லாருக்கும் அப்படித்தான் போடுறது."

"மறையவே கூடாது. வலது பக்கம் கீழ் மூலையில ஸ்டைனாரோட கட்டைவிரல் பதிஞ்சிருக்கு. அதுக்குத்தானே சட்டமே போடச் சொல்றேன். படம் கிடக்கு, போ."

ஸ்டைனார் அவள் கணவர். ஜனவரியில் போய்ச் சேர்ந்தார்.

"அடுப்புப் புகைக்குழாயத் தொடைச்ச கையோட வந்து தூக்கிப் பாத்தாரு, அறிவுகெட்ட மனுஷன்! பதினெட்டு வருஷம் அதச் சொல்லியே திட்டினேன். அழிங்க, அழிங்கன்னு. கேட்டாத்தானே. 'இருக்கட்டும்டீ, நானும் கையெழுத்துப் போட்டேன்'னு சிரிப்பாரு."

ஹால்வார் கையிலிருந்த மரத்துண்டைக் கீழே வைத்தான்.

சட்டம் போடுகிறவன் கைக்குப் படம் வந்தால் முதல் வேலை ஓரத்தைச் சுத்தம் செய்வதுதான். படத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் அவனுக்கு அழுக்கு. போன வெள்ளிக்கிழமை அந்த மூலையில் ஒரு கரித்தீற்றல் இருந்தது. மாவு மாதிரி பிசைந்த ரப்பரால் ஒற்றி ஒற்றி, தாளில் ஒரு நார்கூடக் கிளம்பாமல் எடுத்திருந்தான். கால்மணி நேர வேலை. நம்மைப்போல் யாருக்கு வரும் என்று தன்னையே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்து உடம்பு கூசியது.

அவளுக்குத்தான் கண் தெரியவில்லையே. பின்கட்டில் கணப்பு இருக்கிறது, கரி இருக்கிறது, தன் கையில் கட்டைவிரலும் இருக்கிறது. ஒரு அழுத்து. புரை எடுத்து வருவதற்குள் படம் கண்ணாடிக்குள் போயிருக்கும். யாருக்குத் தெரியப்போகிறது? அவன் எழுந்து பாதி தூரம் போய்க்கூட விட்டான்.

திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"ஒட்னி, நான் அத அழிச்சிட்டேன். அழுக்குன்னு நெனச்சு."

அவள் கையை நீட்டிப் படத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனாள். சரியாக அந்த இடத்தில் விரல் நின்றது.

"இங்க தானே?"

"ஆமா."

"பதினெட்டு வருஷம் நான் கத்தி அவரு செய்யல. நீ கேக்காமலே செஞ்சிட்ட." சிரிப்பதுபோல் ஆரம்பித்தாள். அது அழுகையாகத்தான் முடிந்தது. ஹால்வாருக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"அகலமா அட்டை போட்டு அந்த மூலைய மூடித் தந்துடறேன். உங்க கண்ணுல படவே படாது" என்றான்.

ஒட்னி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு துணிய மூட்டை கட்டிக் குடுத்தாச்சு. படகுக் கொட்டாயப் பூட்டியாச்சு. எல்லாத்தையும் மூடிட்டுத்தான்ப்பா உட்காந்திருக்கேன். அட்டை வேண்டாம். தாள் முழுசாத் தெரியற மாதிரி போடு. அவரு கை வச்ச எடம் எனக்குத் தெரியும்."

விரலை அவள் இன்னும் எடுக்கவில்லை. ஹால்வார் அவள் கையைச் சுற்றி அளவெடுத்தான்.