முப்பத்தேழாவது தட்டு

அம்மா என் கறுப்புச் சட்டையைக் காலையிலேயே சோப்பு நீரில் ஊறப்போட்டுவிட்டார். "மேடை ஏறப்போற பிள்ளை, திருடப் போறவன் மாதிரியா போவே?" என்று கேட்டு, அக்கா வாங்கிக் கொடுத்த மஞ்சள் சட்டையைத் தேய்த்துக் கையில் திணித்தார். மஞ்சள் என்றால் சாதாரண மஞ்சள் இல்லை. சாலை போடுகிறவர்கள் லாரி ஏற்றிவிடாமல் இருக்க அணிவார்களே, அந்த மஞ்சள்.

அப்பா செய்தித்தாளை இறக்காமலே கேட்டார்: "அந்தப் பாட்டுல எப்பப்பா பாட ஆரம்பிப்பாங்க?"

"பதினோராவது நிமிஷத்துல."

"பாவம், பாடுறவர் தூரத்துலேர்ந்து வர்றார் போல."

நான் சிரிக்கவில்லை. சட்டைப் பொத்தானை இரண்டாவது முறையாக மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் பயத்தைச் சொல்லவேண்டுமென்றால் முதலில் அந்தப் பாட்டைச் சொல்லவேண்டும். எங்களுக்கு உயிரான, கிட்டாரும் டிரம்மும் இடியாய் இறங்கும் ப்ராக்ரெசிவ் மெட்டல் குழுவின் 'நிலவறை' இருபத்து நாலு நிமிடம் ஓடும். ஏழு ஏழாக நடக்கும் தாளம் ஐந்துக்குத் தாவும், பதின்மூன்றில் நொண்டும். தலையாட்டிக்கொண்டே கேட்டால் கழுத்து சுளுக்கும். பதினேழாவது நிமிடத்தில் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். முப்பத்தொரு தாளத் தட்டுக்கு மௌனம். பிறகு ஒரே ஒரு மணியோசை. அதன்மேல் நாலு பேரும் ஒன்றாகப் பாய்வார்கள்.

மேடைக் கச்சேரியில் அந்த மணியை அடிப்பது ரசிகர்களில் ஒருவர். ஒவ்வொரு ஊரிலும் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இணையத்தில் ஒரு படிவம் இருக்கும். மௌனத்தை எப்படி எண்ணுகிறீர்கள் என்று விளக்கி எழுதவேண்டும். ரசிகர்கள் அதைப் பரீட்சை போல எழுதுவார்கள். அந்த மௌனத்தில் யாரும் இருமமாட்டார்கள், போனைத் தூக்கமாட்டார்கள். தூக்கினவனை எங்கள் இணையக் குழுவில் சேர்த்துக்கொள்ளமாட்டோம். அப்படிப்பட்ட கூட்டம்.

என் நண்பன் 'விரல்' இதுவரை பதினோரு முறை விண்ணப்பித்து, பதினோரு முறையும் நிராகரிக்கப்பட்டவன். அவன் வலது கையின் கட்டைவிரல் மற்ற நாலு விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். விரலுக்கு மூன்று கணு, நாலு விரல், ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு. முப்பத்தொன்று என்றால் இரண்டு சுற்று முடித்து மூன்றாம் சுற்றில் மோதிரவிரலின் முதல் கணு. வகுப்பில், வங்கி வரிசையில், பல் டாக்டரின் நாற்காலியில்கூட எண்ணிக்கொண்டிருப்பான். அவனுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான்.

நான் விண்ணப்பித்தது ஒரே ஒரு முறை. அதுவும் கிண்டலுக்கு.

கல்லூரிச் சுவர்ப்பத்திரிகைக்காக ஒரு கட்டுரை எழுதினேன். அந்த மௌனம் முப்பத்தொன்று அல்ல, முப்பத்தேழு. கடைசி ஆறு தட்டுகள் மற்ற மௌனத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக மௌனமாய் இருப்பதால் சாதாரணக் காதுக்கு அவை கேட்காமல் இருப்பது கேட்பதில்லை. விரல் விட்டு எண்ணும் அப்பாவிகள் முப்பத்தொன்றிலேயே வீடு திரும்பிவிடுகிறார்கள் என்று ஒரு பக்கம் வளர்த்தேன். பத்திரிகை ஆசிரியர் "யாருக்கும் புரியாது" என்று திருப்பிக் கொடுத்தார். வீணாகப் போகவேண்டாமே என்று படிவத்தில் ஒட்டி அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. "நீங்கள் வருகிறீர்கள். மணி உங்களுடையது."

இதில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. எனக்கு எண்ண வராது. நாலு வருடமாக அந்தப் பாட்டைக் கேட்கிறேன். மௌனம் தொடங்கி ஒன்பதாவது தட்டில் தொலைந்துபோவேன். விரலின் கட்டைவிரல் மோதிரவிரலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே தெரிந்தவன் போலத் தலையை ஆட்டுவேன். நாலு வருடமாக இந்த ஒரு தலையாட்டலை வைத்துத்தான் மெட்டல் ரசிகன் என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஏதோ கம்பெனியின் பரிசளிப்பு விழாவுக்கு அரங்கம் வேண்டியிருந்ததால் கச்சேரி மதியம் மூன்று மணிக்கு. பேருந்தில் விரல் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"முப்பத்தேழு! எப்படிடா கண்டுபிடிச்சே? நான் நாலு வருஷம் எண்ணியிருக்கேன். அந்த ஆறு எங்கடா ஒளிஞ்சிருக்கு?"

"அது... ஒரு உணர்வு."

"உணர்வா? ஏன்டா கை ஜில்லுன்னு இருக்கு?"

"பஸ்ல ஏசி."

"இந்த பஸ்ல கண்ணாடியே இல்லடா."

இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் எனக்காகக் காது அடைப்பான் ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தான், தன்னுடையதைவிட விலை அதிகமானது. வாயை மூடிக்கொண்டேன்.

அரங்க வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'இன்றைய நிகழ்ச்சி ஒலிப்பதிவு செய்யப்படுகிறது.' அதைப் படித்ததும் பேருந்து நிறுத்தத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இங்கே நான் சொதப்பினால் நாலாயிரம் பேரோடு முடியாது. உலகம் உள்ளவரை, வேண்டும்போதெல்லாம், திரும்பத் திரும்பச் சொதப்புவேன்.

விரல் முதல் வரிசைக்கு ஓடினான். என்னை மேடை மேலாளர் உள்ளே அழைத்துப் போனார். இடுப்பில் நாலு நிறத்தில் ஒட்டும் டேப் தொங்கவிட்டிருந்த, சிரிக்க நேரமில்லாத பெண்மணி. அவர் என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லது. இருட்டுல தேட வேண்டாம்."

மேடையின் இடது ஓரத்தில், ஒரு இரும்புக் குழாயில், குடம் அளவுக்கு மணி தொங்கியது. என் கையில் மரப்பிடி போட்ட சுத்தியல் ஒன்று வந்தது. தரையில் டேப்பால் இரண்டு பாதம் ஒட்டியிருந்தார்கள்.

"இங்கதான் நிக்கணும். ஒரே அடி. அடிச்சதும் சுத்தியலைக் கீழ போடாதீங்க, அந்தச் சத்தமும் பதிவாகும்."

"மேடம்... முப்பத்தொண்ணுதானே?"

"நீங்கதானே முப்பத்தேழுன்னு எழுதினீங்க?"

"எழுதினேன்..."

"அப்ப என்னை ஏன் கேட்கறீங்க?" என்று சொல்லிவிட்டு அவர் வேறு எதற்கோ டேப் ஒட்டப் போய்விட்டார்.

திரைக்குப் பின்னால் டிரம்மர் உட்கார்ந்து மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். என் அறைச் சுவரில் நாலு வருடமாகத் தொங்குகிற முகம். சுவரில் முறைப்பார், இங்கே வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கதானா அந்த முப்பத்தேழு தம்பி?"

"சார், அது வந்து..."

"எப்ப அடிப்பீங்கன்னு எங்கிட்ட சொல்லிடாதீங்க." பழத்தோலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இதுவரைக்கும் நாற்பத்தி ரெண்டு பேர் அடிச்சாச்சு. எல்லாரும் முப்பத்தொண்ணு, அச்சு பிசகல. இப்ப மணி அடிக்குறதுக்கு முன்னாடியே என் கை தானா எழும்பிடுது. பயமே போயிடுச்சு தம்பி. அந்த இடத்துல பயம் இல்லேன்னா அந்தப் பாட்டே இல்லை. நீங்க ஒருத்தர்தான் வேற எண்ணிக்கை எழுதினீங்க."

"அப்ப உண்மையான எண்ணிக்கை எது சார்?"

"மணி எப்ப அடிக்குதோ அது. காதுல தாளம் எண்ணிச் சொல்ற கிளிக் சத்தத்தை அந்த இடத்துல நிறுத்திடுவோம். நாலு பேரும் கண்ணை மூடிப்போம். மணி கேட்டா இறங்குவோம்."

"கேட்கலேன்னா?"

"நிப்போம்," என்றார் அவர். அவருடைய கை கொஞ்சம் நடுங்கியது. அவருக்கு அது பிடித்திருந்தது. எனக்கு அது தொற்றிக்கொண்டது, பிடிக்கவில்லை.

"சார், அந்தக் கட்டுரை உண்மையில ஒரு..." என்று ஆரம்பித்தேன். யாரோ கையைத் தட்டிக் கூப்பிட, அவர் எழுந்து போய்விட்டார்.

கச்சேரியைப் பற்றி எழுதச் சொன்னால் எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நாலு வருடமாகக் கனவு கண்ட கச்சேரி. பக்கவாட்டிலிருந்து, பத்தடி தூரத்தில் கேட்டேன். ஒரு சுரம்கூட நினைவில்லை. தரை அதிர்ந்தது ஞாபகம் இருக்கிறது. சுத்தியல் பிடி வியர்வையில் வழுக்கியது ஞாபகம் இருக்கிறது. 'நிலவறை'யின் பதினைந்தாவது நிமிடத்தில் மேலாளர் முதுகில் கை வைத்துத் தள்ள, டேப் பாதங்களின்மேல் போய் நின்றேன். என்னுடையதைவிட அவை ஒரு அளவு பெரியவை.

கூட்டம் என்னைப் பார்த்தது. கறுப்புக் கடலின் ஓரத்தில் ஒரு எலுமிச்சம்பழம். முதல் வரிசையில் விரல் நின்றான். அவனுடைய கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் உயிர் திரும்பி வந்தது. வழக்கம்போல அவனைப் பார்த்தே அடித்துவிடலாம். முப்பத்தொன்றோ முப்பத்தேழோ, அவன் கை எங்கே நிற்கிறதோ அங்கே.

பதினேழாவது நிமிடம். எல்லாம் நின்றது. விளக்கும் அணைந்தது.

இதை யாரும் சொல்லவில்லை. என் தலைக்கு மேல் ஒரே ஒரு விளக்கு. அது டிரம்மர் வரைக்கும்தான் எட்டியது, அப்பால் கும்மிருட்டு. கூட்டம் இல்லை, முதல் வரிசை இல்லை, விரல் இல்லை. நாலு, ஐந்து, ஆறு. டிரம்மர் கண்ணை மூடி, இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக் காத்திருந்தார். ஏழு, எட்டு. நாலாயிரம் பேர் மூச்சை அடக்கும்போது ஒரு சத்தம் கேட்கும், தெரியுமா? மூடிய பெட்டிக்குள் காது வைத்த மாதிரி. ஒன்பது. அடுத்து என்ன? ஒன்பதுக்கு அடுத்து ஒரு எண் உண்டு, பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் என் நெஞ்சு தன் பங்குக்கு வேறு வேகத்தில் எண்ண ஆரம்பித்துவிட்டது. நான் தொலைந்துபோனேன்.

ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மஞ்சள் சட்டையில் எவ்வளவு தூரம் ஓட முடியும்?

அப்போது கீழே ஒரு சின்ன வெளிச்சம் எழுந்தது. வயிற்று உயரத்தில், சட்டைக்குள் பாதி மறைத்த போன் விளக்கு. அந்த வெளிச்சத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. கட்டைவிரல் நடுவிரலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. எந்தச் சுற்று என்று எனக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். பக்கத்திலிருந்து ஒரு முழங்கை அவனை இடித்தது, வெளிச்சம் குலுங்கியது. கை நிற்கவில்லை.

ஒரு கட்டத்தில் இருட்டு முழுவதும் ஒன்றாகத் தலையசைத்தது. பார்க்கவில்லை, காற்றாக உணர்ந்தேன். முப்பத்தொன்று. மணி அடிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மௌனத்தை யாரும் முன்னால் கேட்டதில்லை. எங்கோ பின்வரிசையில் ஒருவர் 'ஐயோ' என்று மூச்சுக்குள் சொன்னார். டிரம்மரின் தாடை இறுகியது. கட்டைவிரல் மட்டும் கணு கணுவாக, அவசரமில்லாமல் நடந்தது. சுண்டுவிரல் வந்தது. கை மூடிக்கொண்டது.

அடித்தேன்.

சுத்தியல் பிடி வழுக்கி மணியின் விளிம்பில்தான் பட்டது. ஆனாலும் ஒலித்தது. அடுத்த கணம் நாலு பேரும் என் முதுகின்மேல் விழுந்தது போல இறங்கினார்கள். நாலாயிரம் பேரும் கத்தினார்கள். நான் சுத்தியலைக் கீழே போடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வரும்போது இன்னும் வெயில் இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் விரல் உட்கார்ந்திருந்தான். உதட்டோரம் வீங்கியிருந்தது.

"யார்டா இடிச்சது?"

"எவனோ. இணையக் குழுவுலேர்ந்தும் என்னைத் தூக்கிட்டாங்க. மௌனத்துல போன் எடுத்தேனாம்." போனைக் காட்டினான். "கச்சேரி முடியறதுக்குள்ள தீர்ப்பு."

"ஏன்டா எடுத்தே?"

"பின்ன? நீதான் ஒன்பதுல தொலைஞ்சுடுவியே."

"உனக்குத் தெரியுமா?"

"நாலு வருஷமா என் கையைப் பார்த்துட்டு நிக்கிறே. நான் என்ன மோதிரமா போட்டிருக்கேன்?"

சொல்லிவிட்டேன். முப்பத்தேழு என்பது கிண்டல் என்றேன். கட்டுரையில் விரல் விட்டு எண்ணும் அப்பாவி அவன்தான் என்றேன். அவன் பேசவில்லை. அரங்கத்து மௌனம் இதன் எதிரில் ஒன்றுமே இல்லை. எண்ண முயன்றேன், வழக்கம்போல ஒன்பதில் தொலைந்தேன்.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றான் கடைசியில். கையை விரித்து அதையே பார்த்தான். "மூணு சுத்து முடிஞ்சா எவ்வளவு?"

"முப்பத்தாறு."

"முப்பத்தேழுக்கு இன்னும் ஒண்ணு போகணும். சுத்து முடிஞ்ச பழக்கத்துல கையை மூடிட்டேன்டா. பயத்துல."

"அப்ப நான் அடிச்சது முப்பத்தாறா?"

"தெரியலை. நீ எப்பவும் எனக்கு ஒரு தட்டு பின்னாடிதானே தலையாட்டுவே. அதே மாதிரி அடிச்சிருந்தா முப்பத்தேழு."

"நான் லேட்டா அடிச்சேனா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் எண்ணுறதை நிறுத்திட்டேனே."

பேருந்து வந்தது. ஏறி, அதே கண்ணாடியில்லாத ஜன்னலோரம் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் இரண்டு கறுப்புச் சட்டைகள் ஏறின. "கேட்டியா? முப்பத்தேழு! அந்த மஞ்சள் சட்டைக்காரன் சும்மா இல்லடா," என்றது ஒன்று. "பதிவு வரட்டும், எண்ணிப் பார்த்துடலாம்," என்றது மற்றது.

நான் இருக்கையில் சரிந்து தலையை மறைத்துக்கொண்டேன். விரல் தன் கறுப்பு மேல்சட்டையைக் கழற்றி என்மேல் போட்டான்.

"பதிவு வர மூணு மாசம் இருக்கு," என்று கிசுகிசுத்தான். "அதுக்குள்ள உனக்கு எண்ணக் கத்துக்கொடுத்துடறேன். கையை நீட்டு."

நீட்டினேன். கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் வைத்தேன்.