உங்க ஊர்தான் பள்ளம்

ஐந்து ஊர்களின் கழிவுநீருக்கு ஒரே திட்டப் பகுதியை அறிவிக்கும் கூட்டம், பெரிய ஊரின் மன்ற அரங்கில் நடந்தது. அரங்கின் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

முன்வரிசையில் சின்ன ஊரின் தலைவி. பின்வரிசையில் அவருடைய ஊர்க்காரர்கள். அவர்கள் குடிப்பது ஒரே ஓர் ஏரித் தண்ணீரை. சாக்கடை அந்தப் பக்கமே வராது என்று தலைவி வாக்குக் கொடுத்த பிறகுதான் திட்டத்தில் சேர ஒப்புக்கொண்டார்கள். தலைவிக்கு அந்த வாக்கைக் கொடுத்தவர் பெரிய ஊரின் மேயர். மேயரின் மகன்தான் தலைவியின் மருமகன்.

"சம்பந்தியம்மா, சுத்திகரிப்பு நிலையம் எங்க ஊர்லயே வந்துரும். நாத்தத்த நாங்க பாத்துக்கறோம். நீங்க கையத் தூக்குனாப் போதும்" என்று வீடு தேடி வந்து சொல்லியிருந்தார்.

மேயர் பேசினார். மனித குலம் தோன்றியதே இந்தத் திட்டத்துக்காகத்தானோ என்று சந்தேகம் வருமளவுக்குப் பேசினார். பிறகு, ஒரே பகுதியாக அறிவிக்கச் சம்மதமா என்று கேட்டார். முதலில் எழுந்தது தலைவியின் கைதான். பின்வரிசை கைதட்டியது. பகுதியை நடத்தும் முகமையாகப் பெரிய ஊரை நியமிக்கலாமா? அதற்கும் தூக்கினார். சம்பந்தியாயிற்றே. இனி எதை எங்கே கட்டுவதென்று முகமை முடிவு செய்யும். மற்ற ஊர்களைக் கேட்க வேண்டியதில்லை.

முகமையின் பொறியாளர் திரையில் வரைபடத்தைக் காட்டினார். ஏரிக்கரையில் ஒரு சிவப்புப் புள்ளி.

"அது என்ன தம்பி?" என்று கேட்டார் தலைவி.

"சுத்திகரிப்பு நிலையம்மா. உங்க ஊர்தான் பள்ளம். அஞ்சு ஊர்த் தண்ணியும் தானா இறங்கி வந்துரும்."

"இத எப்ப முடிவு பண்ணீங்க?"

"போன வருஷமேம்மா. ஐயாதான் இடம் காட்டுனாரு."

போன வருஷம் பெண் பார்க்க வந்தபோது, பெண்ணைப் பார்த்த நேரத்தைவிட அதிக நேரம் மேயர் ஏரிக்கரையில் உலாவினார். "நல்ல காத்து" என்று வேறு புகழ்ந்தார்.

மேயர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "வீட்ல பேசிக்கலாம் சம்பந்தியம்மா. பொண்ணு வேற முழுகாம இருக்கா…"

"அவள இழுக்காதீங்க. மைக்கைக் குடுங்க." வாங்கினார். "நான் தூக்குன கைய இறக்கிக்கறேன்."

"தீர்மானம் நிறைவேறிருச்சேம்மா" என்றார் பொறியாளர், நிஜமான வருத்தத்தோடு.

தலைவி பின்வரிசைக்குத் திரும்பினார். "இவர நம்பித்தான் உங்களுக்கு வாக்குக் குடுத்தேன்."

"உங்களுக்கு அவரு சம்பந்தி. எங்களுக்கு யாரு?" என்றார் டீக்கடைக்காரர்.

தலைவி மைக்கை வைத்துவிட்டு அவர்களிடம் நடந்து வந்தார். டீக்கடைக்காரர், தன் பக்கத்தில் இருந்த காலி இருக்கையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்.