செல்லாத ஆட்டங்கள்

மௌஸை லேசாக அசைத்ததும் அண்ணனின் கணினி விழித்துக்கொண்டது. இளையவன் படம் தேடத்தான் அதன் முன்னால் உட்கார்ந்தான். கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்குள் முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படத்தைப் பிரிண்ட் கடைக்கு அனுப்பச் சொல்லி, பெரியப்பா அவனை இந்த அறைக்குள் தள்ளிவிட்டிருந்தார்.

"கம்ப்யூட்டர்லதான் இருக்கும். உனக்குத்தானே இதெல்லாம் தெரியும், பாரு" என்றார். மூன்று வருஷமாக இந்த வீட்டு வாசலை மிதிக்காதவன் நீ என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

திரையில் விளையாட்டு பாதியில் நின்றிருந்தது. அதே விளையாட்டு. நூற்றுப் பன்னிரண்டாவது சுற்று, நீலக் கொடி, கடலோரமாக ஆறு ஊர்கள். துறைமுகத்தார் என்ற கூட்டம்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த விளையாட்டில் அண்ணன் மலைவாசிகளைத் தவிர வேறு கூட்டத்தைத் தொட்டதே கிடையாது. "கப்பல் ஓட்டுறவனுங்க என்னத்தடா கண்டுபிடிப்பானுங்க?" என்று சிரிப்பான். துறைமுகத்தார் இளையவனுடைய கூட்டம். சண்டையே அதில்தான் வந்தது.

இரண்டு பேருமே நாற்பதைத் தாண்டியவர்கள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இளையவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமையானால் இந்த அறையில் உட்கார்ந்து ஆடுவார்கள். ஒருவர் தன் காய்களை நகர்த்தி முடித்த பிறகுதான் அடுத்தவர் நகர்த்த முடியும். அவசரமே இல்லாத ஆட்டம். ஒவ்வொரு கூட்டமும் சக்கரத்தில் ஆரம்பித்துத் தொலைநோக்கி வரை ஒவ்வொன்றாக ஆராய்ந்து கண்டுபிடித்துக்கொண்டே போக வேண்டும். சண்டையே போடாமல் ஆராய்ச்சி மட்டும் செய்தால், யார் குறைந்த சுற்றில் தொலைநோக்கிக்குப் போய்ச் சேருவார்கள்? மலைவாசிகள் என்றான் அண்ணன். துறைமுகத்தார் என்றான் இவன். பேச்சு முற்றி, "சின்ன வயசுலேர்ந்தே நீ மக்குதான்டா" என்று அண்ணன் சொன்னான். "மேலயும் கீழயும் போற பெட்டியைத் தவிர உனக்கு என்ன தெரியும்?" என்று இவன் சொன்னான். அண்ணி கொண்டுவந்து வைத்த காப்பியைக் கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான்.

எதற்காகப் பேசவில்லை என்று யார் கேட்டாலும் சொல்ல வாய் வராது. சொன்னால் சிரிப்பார்கள். அவன் கூப்பிடட்டும் என்று இவன் இருந்தான். இவன் கூப்பிடட்டும் என்று அவன் இருந்திருப்பான். நேற்றுக் காலை ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அண்ணன் பிறகு எழுந்திருக்கவில்லை. என் மேல் கோபத்தோடுதான் போனானா என்ற ஒரே கேள்வி நேற்றிலிருந்து இவனைக் குடைந்துகொண்டிருக்கிறது.

கீபோர்டுக்குப் பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்று கிடந்தது. வேலைக் குறிப்பாக இருக்கும் என்று புரட்டினான். அண்ணனின் கோழிக் கிறுக்கல். வரிக்கு வரி ஒரு தேதி, இரண்டு எண்கள், பக்கத்தில் ஒரு குறிப்பு.

"ம 148, து 141. மலையில ஒரு ஊர் லேட்டா கட்டிட்டேன். செல்லாது."

"ம 149, து 142. நடுவுல கரண்ட் போச்சு. செல்லாது."

"ம 148, து 140. மேப் சரியில்ல. செல்லாது."

"ம 149, து 141. எனக்கு ஜலதோஷம். செல்லாது."

ம என்றால் மலைவாசிகள், து என்றால் துறைமுகத்தார் என்று பிடிபட இளையவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிடிபட்டதும் மறுபடி முதலிலிருந்து படித்தான். ஒவ்வொரு வரியிலும் துறைமுகத்தார் ஏழெட்டுச் சுற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். முதல் தேதி, சண்டை நடந்த அடுத்த ஞாயிறு. எண்ணிப் பார்த்தான். முப்பத்தொரு வரி. முப்பத்தொரு தடவை அண்ணன் இரண்டு கூட்டத்தையும் தனியாக உட்கார்ந்து ஆடியிருக்கிறான், முப்பத்தொரு தடவையும் தோற்றிருக்கிறான்.

கடைசி வரியில் எண்கள் மட்டும் இருந்தன. ம 147, து 140. செல்லாது என்று எழுதவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டானா, எழுத மறந்துவிட்டானா? ஒத்துக்கொண்டவன் மறுபடி ஏன் நூற்றுப் பன்னிரண்டாவது சுற்று வரை ஆட வேண்டும்? நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அண்ணனிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்று நினைத்து, உடனே தன்னையே திட்டிக்கொண்டான்.

படம் கேட்டது நினைவுக்கு வந்தது. தேடியெடுத்து, திறந்த லிஃப்ட் கதவுக்கு முன்னால் சீருடையில் அண்ணன் விறைப்பாக நிற்கிற ஒன்றைக் கடைக்கு அனுப்பினான். அனுப்பி முடிக்கும்போது அண்ணி உள்ளே வந்தாள். ஜன்னலோரம் அவளுடைய தையல் மிஷின். அதன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"வீட்டுப் பங்குலதான் தகராறுன்னு பெரியப்பா வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருக்கார்" என்றாள். "நான் உங்க அண்ணன்கிட்ட கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். நீங்களாவது சொல்லுங்க தம்பி. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னதான் நடந்துச்சு?"

இளையவன் திரையைக் காட்டினான். "இதுதான் அண்ணி."

"எது?"

"இந்த விளையாட்டு. இதுல எந்தக் கூட்டம் சீக்கிரமா ஆராய்ச்சி பண்ணும்னு..."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "விளையாடாதீங்க தம்பி. நான் நெசமாத்தான் கேக்கறேன்."

"நெசமாத்தான் சொல்றேன்."

வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம். "அதுல அப்படி என்ன இருக்கு?" என்றாள் கடைசியில்.

அவன் தையல் மிஷினைப் பார்த்தான். "ஒரு சட்டை தைச்சு முடிச்சதும் கண்டுல நூல் மிச்சம் இருக்கும்ல? அதை அப்படியே தூக்கிப் போட்டுட்டு, அடுத்த சட்டைக்குப் புதுக் கண்டு மாட்டினா எப்படி இருக்கும்? மலைவாசிங்க அப்படித்தான். ஒண்ணைக் கண்டுபிடிச்சு முடிச்சதும் மிச்ச ஆராய்ச்சி வீணாப் போயிடும். துறைமுகத்தாருக்கு மிச்சம் அடுத்ததுக்குப் போகும்."

"மிச்ச நூலை யாராவது எறிவாங்களா? பைத்தியக்காரத்தனமால்ல இருக்கு."

"அதைத்தான் அண்ணி நானும் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"மலைவாசிங்க மூளைக்காரங்க, மிச்சமே வராதுன்னார்."

அண்ணி கையிலிருந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமையானா கதவைச் சாத்திக்குவார். சாப்பிடக் கூப்பிட்டா, இன்னும் ஒரே ஒரு தடவ பார்த்துடறேன்னுவார். எதைன்னு சொன்னதே இல்ல." நோட்டைக் கண்ணால் காட்டினாள். "அதுல இருக்கா? யார் சொன்னது சரி?"

இளையவன் நோட்டை மூடினான். கூடத்தில் மாலைக்கு அடியில் கிடக்கிறவனை அவன் பெண்டாட்டி முன்னால் தோற்க விட மனசு வரவில்லை.

"அண்ணன் சொன்னதுதான்" என்றான்.

"அப்படியா" என்றாள். பிறகு அவள் நெற்றி சுருங்கியது. "அப்புறம் ஏன் அவர் உங்களுக்கு ஃபோன் பண்ணல?"

அவன் நோட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"அவர் ஜெயிச்சிருந்தா சும்மா இருந்திருப்பாரா? ஆட்டோ புடிச்சு வந்து உங்க வீட்டு வாசல்ல நின்னு கத்தியிருப்பாரே. எதுத்த வீட்டுக்காரன்கிட்ட தாயக்கட்டைல ஜெயிச்சதையே ஒரு மாசம் சொன்ன மனுஷன்." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "தோத்துட்டாரா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"எத்தனை தடவ?"

"முப்பத்தொண்ணு."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தான். சிரிப்பு. நேற்றுக் காலையிலிருந்து தண்ணீர் கூட இறங்காத தொண்டையிலிருந்து சிரிப்பு பொங்கி வந்தது. துண்டை வாயில் திணித்துப் பார்த்தாள், அடங்கவில்லை. "முப்பத்தொண்ணா!" என்றாள். அவன் நோட்டைத் திறந்து அவளிடம் நீட்டினான். ஜலதோஷம் என்ற வரிக்கு வந்ததும் அவள் ஸ்டூலிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவனுக்கும் தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணிலிருந்து வந்ததை அவன் துடைக்கவில்லை.

கூடத்தில் பேச்சு நின்றுபோனது. பெரியப்பா எழுந்து வந்து அறை வாசலில் நின்றார். தரையில் உட்கார்ந்திருக்கிறவளையும், நாற்காலியில் குனிந்திருக்கிறவனையும், திரையில் அசைகிற நீலக் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்தவர் கேட்காமல், கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்தினார்.